தையல் தெரியாத மழைப்படம்

இன்று காலை வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் நம் ஆய்வறைக்குப் புதுக் கணினி வந்தது. கிழக்குக் கரை முழுவதற்குமான மழைக் கணிப்பைக் கொடுத்தேன். நான் நிமிர்வதற்குள் படத்தை வரைந்து முடித்துவிட்டது. மகிழ்ந்திருக்க வேண்டும். வெறுமையாகக் கிடந்த, நீ உட்காரும் கதிரையைத்தான் பார்த்தேன்.

நம் பழைய கணினி இதற்கு மறுத்துவிடும். 'நினைவகம் போதாது', அவ்வளவுதான். சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்த வானத்தை அதனால் ஒருசேரத் தாங்க முடியவில்லை. ஒருநாள் நான் படத்தை நான்காக வெட்டினேன். ஒவ்வொரு கட்டத்தின் மழையையும் அண்டைக் கட்டங்களோடு சேர்த்துச் சராசரி எடுத்து, மென்மையாக்கி, துண்டுகளை ஒட்டினேன். படத்தில் வாவியின் நடுவே கத்தியால் கீறியதுபோல் ஒரு கோடு.

"மழைக்கு ஆரு கா வேலி போட்ட?" என்று உன் வழக்கமான 'கா' போட்டுச் சிரித்தாய். விளிம்புக் கட்டங்களுக்கு ஒரு பக்கம் அண்டையே இல்லை, சராசரி அங்கேதான் பிசகுகிறது என்று கண்டுபிடித்தவளும் நீதான். "துண்டுகளக் கொஞ்சம் பெரிசா வெட்டுவம். ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறட்டும். மறுகா விளிம்பக் கழிச்சிப் போடலாம்."

அப்படியே செய்தோம். கோடு மறைந்தது. கடலிலிருந்து எழுந்த மழை நகரையும் வாவியையும் கடந்து ஒரே மூச்சாக மேற்கே போயிற்று. இருவரும் அதையே மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தோம்.

அந்த நேரத்தில் தன்னாமுனை வீட்டிலிருந்து உன் அண்ணா அழைத்தார். வாவிக்கு அப்பால் அவருடைய வயல் வட்டையில் நெல் முற்றி நின்றது. "வெட்டுற மிசின் இண்டைக்கு இஞ்ச நிக்கிது. நெல்லுக் கொஞ்சம் ஈரம். ரெண்டு நாள் பொறுக்கட்டா தங்கச்சி?"

படத்தில் அங்கே இளநீலம், வெறும் தூறல். "ஓம் எண்டு சொல்லன்" என்றேன். நீயோ மென்மையாக்குவதற்கு முந்தைய எண்களைப் படமாக்கித் திறந்தாய். வட்டைக்கு மேலே ஒரே ஒரு கட்டம் பெருமழையின் கருஞ்சிவப்பாக இருந்தது. சுற்றியிருந்த சிறுமழைகளோடு சேர்ந்ததில் அது படத்தில் கரைந்துபோயிருந்தது.

"அழகா இருக்கெண்டு நம்பக்கூடாது கா."

"மழை வராட்டி?"

"வராட்டி அண்ணா என்னை ஏசட்டும்." தொலைபேசியில் சொன்னாய்: "ஈரமெண்டாலும் இண்டைக்கே வெட்டுங்க."

மறுநாள் பின்னேரம் வட்டை வெள்ளமாகக் கிடந்தது. நெல் வீட்டுக்குள் இருந்தது.

நீ நோயில் இறந்துபோய் இன்னும் ஓராண்டாகவில்லை. இந்த அறுவடைக்கு வெட்டவா பொறுக்கவா என்று கேட்டு இன்று அண்ணா என்னைத் தொலைபேசியில் அழைத்தார். மென்மையாக்கியது, மென்மையாக்காதது என இரண்டு படங்களையும் திறந்து வைத்து மாறி மாறிப் பார்த்தேன். ஒரு வட்டை முழுவதும் என் சொல்லுக்காக நின்றது. இவ்வளவு பெரிய வானத்தின் முன்னால் உனக்கு அந்தத் துணிவு எங்கிருந்து வந்ததென்று எண்ண எண்ண வியப்பு அடங்கவில்லை.

"வெட்டுங்க அண்ணா" என்று சொல்லிவிட்டு யன்னலருகே போய் நின்றேன். அன்று அண்ணாவிடம் சொன்னபின் நீயும் அங்கேதான் நெடுநேரம் நின்றாய். காற்று வாங்குகிறாய் என்று நினைத்திருந்தேன். சொன்ன சொல்லுக்காக வானத்தைப் பார்த்து நிற்கும் அந்த நடுக்கம் இப்போது என்னிடம் இருக்கிறது. அதை நான் தொலைக்கமாட்டேன்.