சாப்பிட்டுவிட்டு உப்புப் பார்த்த மாஸ்டர்

மாப்ளே,

இன்று காலை வடமதுரையில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து அடுப்பில் பெண் வீட்டார் கூட்டிவந்த இன்னொரு பிரியாணி மாஸ்டர், என்னைவிட மூத்தவர். மாத்திரை அட்டையைப் பிதுக்குகிற சத்தம் கேட்டுத் திரும்பினேன். மனுஷன் வெறும் வரக்காப்பியோடு வலி மாத்திரையை வாயில் போடப் போகிறார். உடனே உன் மெடிக்கல் கடையும், கண்ணாடிக்கு மேலே பார்த்து நீ முறைக்கிற முறைப்பும் ஞாபகம் வந்துவிட்டன.

நானும் அப்படித்தானே கிடந்தேன்! முட்டி வலிக்குத் தினமும் ஒன்று, அதுவும் வெறும் வயிற்றில். தம் உடைத்து அண்டா மூடியைத் திறக்கிற வரை மாஸ்டர் சாப்பிடக் கூடாது, பசித்த நாக்குக்குத்தான் உப்புத் தெரியும் என்பது எங்கள் வாப்பா காலத்துப் பழக்கம். நீ மாத்திரை தர மறுத்தால் அடுத்த கடையில் வாங்குவேன். அப்படி ஒரு வீம்பு எனக்கு.

ஒருநாள் உன் கடைப் படியில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். "வெளிய கறுப்பாப் போகுதாலே?" என்று கேட்டாய். "ஆமா, தார் மாதிரி" என்றேன். ஷட்டரை இழுத்துவிட்டு என்னை ஆட்டோவில் அள்ளிப் போட்டாய். வயிற்றில் புண், ரத்தக் கசிவு. இன்னும் செத்த நேரம் போயிருந்தால் இந்த மடலை நீ எனக்கு எழுதியிருப்பாய்.

கட்டிலில் படுத்தபடி கேட்டேன்: "முட்டிக்குப் போட்ட மாத்திரை வயித்த ஏன்லே புண்ணாக்குது?"

"நோவு கண்ட எடத்துல உடம்பு ஒரு பொருளச் செய்யும். வீக்கமும் வலியும் அதனாலதான். அதச் செய்ற என்சைமை மாத்திரை தடுத்துரும், வலி அடங்கிரும். ஆனா வயித்துல அதே மாதிரிப் பொருள்தான் அமிலம் அரிக்காமக் காக்குது. மாத்திரை ரத்தத்துல கலந்து எல்லா எடத்துக்கும் போகுது. அதுக்கு முட்டி எது, வயிறு எதுன்னு தெரியுமா?" என்றாய். சாப்பிட்டுவிட்டுப் போட்டாலும் முழுசாகத் தப்ப முடியாது என்றும் சொன்னாய்.

டாக்டர் மாத்திரையை நிறுத்தி, நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னார். அதைக் கேட்டுத்தான் அழுதேன். சாப்பிட்டால் உப்புப் பிசகும், இருக்கிற பேரும் போகும் என்று அம்புட்டு பயம். "இட்லியத் தின்னுட்டு ஆக்கு. உப்புப் பிசகுனா அண்டா பூராவும் நானே தின்னுறேன்" என்று பந்தயம் கட்டினாய். முதல் நாளே அண்டா காலியானது. உனக்கு மிஞ்சியது ஒரே தட்டுதான். அதை வழித்துத் தின்றுவிட்டு, "கச்சிதம்லே" என்று சிரித்தாய்.

நீ போய் மூன்று வருடம். மாத்திரை இல்லாத முட்டிக்காக இப்போது முக்காலியில் உட்கார்ந்துதான் கிளறுகிறேன். என் ஆட்கள் யாரும் சாப்பிடாமல் அடுப்பைத் தொடுவதில்லை.

இன்று அந்த மாஸ்டரின் கையைப் பிடித்து, நீ சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். மாத்திரையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஆனால் நாங்கள் வரிசையாக உட்கார்ந்து இட்லி தின்பதைப் பார்த்து, "தின்னுட்டு உப்புப் பாக்குற மாஸ்டரா! நல்லா வெளங்கும்" என்றார்.

மதியம் தம் உடைத்தேன். ஆவி அடங்குமுன் அவரே தட்டோடு வந்து நின்றார். ஒரு வாய், இன்னொரு வாய். காலியான தட்டை மறுபடி நீட்டினார். ஜெயித்துவிட்டோம் மாப்ளே! அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"தம்பி, காலைல எத்தன இட்லி தின்னீங்க?"

என் கண்ணாடிக்கு மேலே பார்த்து, உன் முறைப்பை அப்படியே முறைத்து, "ஆறு" என்றேன்.