தபாலில் போன கால்கள்

அத்தா,

இன்று காலை மயிலாடுதுறைச் செருப்புக் கடையைத் திறந்ததும் ஒரு பெண் வந்து காலண்டர் தாள் ஒன்றை மேசைமேல் விரித்தார். அதில் பென்சிலால் வரைந்த ஒரு குட்டிக் கால். "பாப்பா தூங்குது, எழுப்ப மனசு வரலை. அதான் காலை மட்டும் கொண்டாந்துட்டேன்" என்றார். நான் சிரித்த சிரிப்பில் மிரண்டுபோனார். நாங்கள் காலைச் சவுதிக்கே தபாலில் அனுப்பியவர்கள் என்று அவரிடம் எப்படிச் சொல்ல?

சவுதி வேலையிலிருந்து இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் ஊருக்கு வருவீர்கள். வருமுன் போடும் கடிதத்தில், "தம்பி கால் அளவு அனுப்பவும்" என்று ஒரு வரி தவறாமல் இருக்கும். அம்மா என்னைத் தாள்மேல் நிற்கவைத்து வரைவார். குதிகாலில் பென்சில் பட்டதும் நெளிவேன். "ஆடாதடா, உனக்கு ஆறு விரல்னு நினைச்சுக்கப் போறாங்க அத்தா!"

எட்டு வயதில் எனக்கு வெள்ளை ஷூ வந்தது. உங்கள் லீவு தள்ளிப்போனதில், நீங்கள் வந்து சேர்வதற்குள் கால் வளர்ந்திருந்தது. ஷூ கடித்தது. நான் வாய் திறக்கவில்லை. அவ்வளவு தூரம் சுமந்து வந்தவரிடம் பத்தவில்லை என்று சொன்னால் உங்கள் முகம் வாடிவிடுமே என்று பயம். விரல்களை மடக்கிக்கொண்டே பள்ளிக்கூடம் போனேன். மூன்றாம் நாள் வாய்க்கால் பாலத்தில் உங்களிடம் மாட்டிக்கொண்டேன்.

"ஏன்டா கோழி மாதிரி நடக்குற?"

"சும்மாத்தான் அத்தா."

அங்கேயே மண்டிபோட்டு, ஷூவின் முனையைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தீர்கள். வீட்டுக்கு அழைத்துப்போய், அரிவாள்மணையில் புது ஷூவின் மூக்கை நறுக்கிவிட்டீர்கள்!

"என்னங்க, மீன் நறுக்குற அருவாமணைங்க அது!" என்று அம்மா அலறினார்.

"இருக்கட்டும். புள்ள விரலுக்குக் காத்து வேணும்ல?"

ஐந்து விரலும் வெளியே தெரிய ஊரைச் சுற்றி வந்தேன். அப்படி ஒரு ஷூ அந்தத் தெருவில் எவனிடமும் இல்லை.

அதன்பிறகு மாதாமாதம் கால் அனுப்பச் சொன்னீர்கள். புதுத் தாளைப் பழைய தாளோடு சேர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பீர்களாம். பதில் வரும்: "தை மாசத்தைவிட இப்ப அரை நெல் நீளம் கூட." இன்னொரு மாதம்: "வளரவே இல்லை. மீன் குழம்பு ஊத்தலையா உங்கம்மா?" அங்கே உங்களோடு தங்கியிருந்த அறைக்காரர்கள் கேலி செய்தார்களாம். எனக்கோ அந்தக் கடிதம் வருகிற நாளெல்லாம் பெருநாள்.

நீங்கள் இருந்த கடைசி வருடம் கால் வீங்கி, எந்தச் செருப்பும் உங்களுக்குச் சேரவில்லை. நான் தாளை விரித்துப் பென்சிலை எடுத்தேன். "கூசுதுடா, விடுடா" என்று கட்டிலில் நெளிந்தீர்கள். "ஆடாதீங்க அத்தா, ஆறு விரலாயிடும்" என்றேன். அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

வியாபாரியாக ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். சரியான அளவில் விற்றால் பிள்ளை நாலு மாதத்தில் திரும்பக் கடைக்கு வரும். இடம் விட்டு விற்றால் வருடம் ஓடிவிடும். எனக்கு எது லாபம் என்று தெரியாதா? ஆனாலும் அந்தக் காலண்டர் தாளில், விரல்நுனிக்கு முன்னால் என் கட்டைவிரலை வைத்துப் பார்த்துவிட்டு, ஒரு சைஸ் கூடத்தான் எடுத்துக் கொடுத்தேன்.

"பெருசா இருக்கே பாய்?"

"வளர்ற கால்மா."

நஷ்டம்தான் அத்தா. என்ன செய்ய, என் கையில் இருப்பது உங்கள் கட்டைவிரல்.