மின்மயானம் பூட்டியிருந்த பதினேழு நாட்கள்

மார்ச் 4, செவ்வாய்

இன்று ஐந்து பேர். இரண்டாவது உலையின் கதவு மறுபடியும் பாதியில் நின்றுவிட்டது. இரும்புக் கம்பியால் நெம்பித்தான் மேலே தள்ளினேன். கையுறை கிழிந்து உள்ளங்கையில் கொப்புளம். புதுக் கையுறை கேட்டு செப்டம்பரில் எழுதிக் கொடுத்தேன். போன வாரம், அதே விண்ணப்பத்தை மறுபடியும் எழுதித் தரச் சொன்னார்கள்.

காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை ஒரு நாள் நான், மறுநாள் என் கூட்டாளி நெட்டை. இரண்டு உலைக்கும் ஒரே ஆள். மத்தியானச் சாப்பாட்டை மூன்று தவணையாகச் சாப்பிட்டேன்.

பெயர், வயது, உள்ளே போன நேரம் என்று பத்தொன்பது வருடமாகப் பதிவேட்டில் எழுதிப் பழகிய கை. வீட்டுக்கு வந்தாலும் எதையாவது எழுதாமல் அடங்குவதில்லை. "நான் எத்தனாவது பக்கத்துல வர்றேன்?" என்று மனைவி கேலி செய்கிறாள்.

அலுவலகப் பலகையில் புது ஓய்வூதிய விதியை ஒட்டியிருக்கிறார்கள். அதைப் பார்க்க வந்த நெட்டை இரண்டு முறை படித்தான். "வேலை முடிஞ்சப்புறமும் நாம உயிரோட இருந்தா தப்புன்னு சொல்றாங்க போல" என்றான்.

மார்ச் 6, வியாழன்

அக்காவைப் பார்க்கப் போனேன். ஓயாத இருமல். நாற்பத்தோரு வருடம் நகராட்சியில் தெரு கூட்டினாள். அந்தத் தூசியெல்லாம் இன்னும் நெஞ்சுக்குள்தான் இருக்கிறது. ஓய்வு பெற்றுப் பதினான்கு மாதம் ஆகிறது, ஓய்வூதியம் வரவில்லை. கேட்கப் போனவளிடம் புது விதியைக் காட்டியிருக்கிறார்கள். முதல் இருபத்திரண்டு வருடம் தினக்கூலி, அது பணிக்காலத்தில் சேராதாம். மீதி பத்தொன்பது. இருபது வருடம் இருந்தால்தான் ஓய்வூதியமாம்.

"அப்போ அந்த இருபத்திரண்டு வருஷம் தெருவைக் கூட்டுனது யாரு சார், காத்தா?" என்று கேட்டாளாம். அதிகாரி சிரித்துவிட்டாராம். இவளும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்திருக்கிறாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அம்மா இறந்தபோது எனக்குப் பதினொன்று, அக்காவுக்குப் பதினேழு. நான் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்றுதான் அவள் துடைப்பத்தை எடுத்தாள்.

மார்ச் 9, ஞாயிறு

நகராட்சித் தொழிலாளர் கூட்டம். நாளை முதல் வேலைநிறுத்தம். பழைய விதிப்படி ஓய்வூதியம் வேண்டும், ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்களுக்கும் சேர்த்து. எட்டு மணி நேர வேலை. காலி இடங்களுக்கு ஆள்.

குடிநீருக்கும் ஆம்புலன்சுக்கும் விலக்கு. மயானத்துக்கு? என்று ஒருவர் எழுந்து கேட்டார். சங்கச் செயலாளர் சொன்னார்: "குப்பை நாறினா மூக்கைப் பொத்திக்கிட்டுப் போயிடுவாங்க. மயானத்தைப் பூட்டினாத்தான் மேல இருக்கறவங்களுக்குக் காது கேக்கும்."

கை தூக்கச் சொன்னார். முதல் ஆளாகத் தூக்கியது நான்தான். அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

மார்ச் 10, திங்கள்

பூட்டினேன். சாவி என் சட்டைப் பையில். இரண்டு உலையும் ஒரே சமயத்தில் முழுதாக ஆறியதை இத்தனை வருடத்தில் இன்றுதான் பார்க்கிறேன். செங்கல் குளிர்ந்து சின்னச் சின்னதாக வெடித்துக்கொண்டே இருந்தது.

மார்ச் 12, புதன்

மயான வாசலில் பந்தல். அக்கா பெரிய பிளாஸ்க் நிறைய டீயோடு வந்துவிட்டாள். சங்கமே அவளை அக்கா என்றுதான் கூப்பிடுகிறது. செயலாளர் மைக்கைக் கொடுத்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். "எல்லாரும் டம்ளரைக் கழுவி வைங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். பந்தலே குலுங்கிச் சிரித்தது.

அப்புறம் என்னிடம் மெதுவாக, "வர்றவங்கல்லாம் எங்கடா போறாங்க?" என்றாள்.

"அடுத்த ஊருக்கு. நாப்பது கிலோமீட்டர்தான்."

"நாப்பதா?" என்றாள்.

மார்ச் 14, வெள்ளி

காலை பத்து மணி இருக்கும். ஓர் ஆள் ஆட்டோவிலிருந்து இறங்கினார். கூட யாரும் இல்லை. கையில் வெள்ளைத் துணி சுற்றி — மகள். நாலு வயதாம்.

வெளியூருக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்றேன். அவர் கோபப்படவில்லை. நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலை. "அண்ணே, சின்னக் குழந்தைதானே, ரொம்ப நேரம் ஆகாதில்ல?" என்று கேட்டார். எவ்வளவு நேரம் ஆகும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? சாவி பையில்தான் இருந்தது. பந்தலில் அத்தனை பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மன்னிச்சிருங்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். திரும்ப ஆட்டோவில் ஏறும்போது, குழந்தையின் தலை கம்பியில் இடித்துவிடாமல் கையை அணைப்பாக வைத்துக்கொண்டார்.

அக்கா டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். பாதி டம்ளரோடு நிறுத்திவிட்டு என்னைப் பந்தலுக்குப் பின்னால் கூட்டிப்போனாள்.

"குப்பை காத்திருக்கும்டா. பெத்தவன் கையில இருக்கிற புள்ள காத்திருக்குமா? திறந்து விடு."

"எனக்கு மட்டும் கல்லு மனசா? உனக்காகத்தானே பூட்டியிருக்கேன். உன் நாப்பத்தோரு வருஷத்துக்காக."

"என் பேரைச் சொல்லி அந்தக் கதவை மூடாத. நான் கேக்கல."

அப்போது நான் சொன்னேன் — "பணம் வந்தா வேண்டாம்னு சொல்லிடுவியா? வாங்கிக்கத்தானே போற?"

அவள் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு நடந்தாள். ஏன் அப்படிச் சொன்னேன்? யாரைப் பார்த்து, எந்த வாயால சொன்னேன்?

மார்ச் 15, சனி

அக்கா வரவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

இன்றும் வரவில்லை. பந்தலில் ஆளாளுக்கு "அக்கா எங்கே?" என்கிறார்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லி வைத்தேன்.

"ரெண்டு தெரு தள்ளித்தானே இருக்காங்க. போய் ஒரு வார்த்தை பேசினா தேய்ஞ்சா போயிடுவீங்க?" என்றாள் மனைவி.

"அவளே வரட்டும். எத்தனை நாளைக்கு இந்த வீம்புன்னு பார்க்கறேன்."

ஆனாலும் மாலையில் கால் கேட்கவில்லை, தெருமுனை வரை போனேன். அக்கா வாசலில் உட்கார்ந்து எதையோ தைத்துக்கொண்டிருந்தாள். லீவுக்கு வந்திருந்த மகளிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். நன்றாகத்தானே இருக்கிறாள் என்று திரும்பிவிட்டேன்.

மார்ச் 20, வியாழன்

அக்கா போயிட்டா.

மார்ச் 22, சனி

இரண்டு நாளாக எழுத முடியவில்லை. இன்றாவது எழுதிவிட வேண்டும்.

வியாழன் காலை ஏழு மணிக்கு அக்கா மகள் போன் செய்தாள். "மாமா, அம்மா எழுந்திருக்க மாட்டேங்கறாங்க." ஓடினேன். பத்தொன்பது வருடமாக இதையே பார்த்துக்கொண்டிருப்பவன். வாசற்படியில் நின்றபோதே தெரிந்துவிட்டது. ஆனாலும் போர்வையை இழுத்து இழுத்து, "அக்கா, நான்தான் வந்திருக்கேன், எழுந்திரு அக்கா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேனாம். மனைவி சொல்கிறாள். எனக்கு நினைவில்லை. தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர்.

பத்து மணிக்குச் செயலாளர் வந்தார். என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். பொய்யான அழுகை இல்லை. பிறகு காதோடு சொன்னார்: "அக்காவுக்குத் திறந்துக்கோப்பா. அவங்க நம்ம ஆளு. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"மத்தவங்களுக்கு?"

"அதெப்படி? எல்லாருக்கும் திறந்தா அப்புறம் போராட்டம் எதுக்கு?"

"அப்போ வேண்டாம்" என்றேன்.

அக்கா மகள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "இந்த வெயில்ல அம்மாவை நாப்பது கிலோமீட்டர் இழுத்துட்டுப் போகணுமா மாமா? உங்க கொள்கைக்கு எங்கம்மாதான் கிடைச்சாங்களா?" என்று என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். அக்கா இருந்திருந்தால் எல்லாருக்கும் திறடா என்றிருப்பாள். அந்தத் தைரியம் எனக்கு வரவில்லை. அவளுக்கு மட்டும் திறக்க முகமும் இல்லை.

வேனில் கொண்டுபோனோம். எங்களுக்கு முன்னால் ஏழு பேர். எல்லாம் எங்கள் ஊர்தான். சாக்குப் படுதா நிழலில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். ஒருவருக்கொருவர் தண்ணீர் கொடுத்துக்கொண்டோம். நான் யார் என்று யாருக்கும் தெரியாது. ஒரு பாட்டியம்மாவின் மகன் என்னிடம், "உங்களுக்கு யாருங்க?" என்று கேட்டான். அக்கா என்றேன். "பாவம்" என்று என் தோளைத் தொட்டான்.

அங்கே உலை இயக்குபவரும் ஒரே ஆள்தான். கண்ணெல்லாம் சிவந்து, முழங்கையில் பழைய துணியைச் சுற்றியிருந்தார். "உங்க ஊர்ல பூட்டிட்டு உக்காந்துட்டாங்க, அவங்களுக்கென்ன? பதினோரு நாளா நான் வீட்டுக்கே போகல. புள்ளைங்க முகம் மறந்துபோச்சு" என்று பொதுவாக எல்லாரையும் பார்த்துச் சொன்னார். நான் குனிந்துகொண்டேன்.

எங்கள் முறை வந்தபோது மணி மூன்றரை. அவர் தள்ளுவண்டியைப் பிடித்தார். தள்ள வலு இல்லை.

"விடுங்க. நான் தள்றேன்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

என் அக்காவை நானே உள்ளே அனுப்பினேன். கதவைக்கூட நானே இறக்கினேன். எல்லாருக்கும் செய்வதைப் போலவே சரியாகச் செய்தேன். கை தவறவில்லை. தவறியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

அவர் என் உள்ளங்கைத் தழும்புகளைப் பார்த்தார். எந்த ஊர், என்ன வேலை என்று கேட்கவில்லை. புரிந்திருக்கும். "பின்னாடி இன்னும் நாலு பேர் இருக்காங்க" என்றார், அவ்வளவுதான். மனைவியையும் அக்கா மகளையும் வேனில் அனுப்பிவிட்டு நான் அங்கேயே நின்றுவிட்டேன். அவரை மரத்தடியில் படுக்கச் சொன்னேன். படுத்த மறு நிமிடம் தூங்கிவிட்டார். அந்த நாலு பேரையும் நான்தான் அனுப்பினேன்.

அவர்கள் பதிவேட்டில் தொழில் என்றும் ஒரு கட்டம் இருக்கிறது. அக்கா பெயருக்கு எதிரே ஓய்வு பெற்றவர் என்று எழுதப் போனேன். மனசு வரவில்லை. நகராட்சித் தூய்மைப் பணியாளர், 41 ஆண்டுகள் என்று எழுதினேன். அங்கேயாவது முழுசாக இருக்கட்டும்.

மார்ச் 23, ஞாயிறு

சங்கக் குழுவில் நானே எழுந்து சொன்னேன். நாலு பேரை அங்கே அனுப்பினேன், வேலைநிறுத்தத்தில் இருக்கும்போது வேலை செய்தேன் என்று. மயானத்துக்கு விலக்கு கொடுங்கள் என்றும் கேட்டேன். கை தூக்கச் சொன்னார்கள். என்னோடு சேர்த்து மூன்று கைகள். நெட்டையின் கை அதில் இல்லை.

பின்வரிசையில் யாரோ "கருங்காலி" என்றார்கள். அக்காவிடம் டீ வாங்கிக் குடித்த குரல்தான். செயலாளர் மேசையைத் தட்டி அடக்கினார். அப்புறம் கையை நீட்டி, "சாவியைக் குடுப்பா" என்றார்.

கொடுத்துவிட்டேன்.

மார்ச் 26, புதன்

ஒப்பந்தம் ஆகிவிட்டது. வேலையில் இருப்பவர்களுக்குப் பழைய விதிப்படியே ஓய்வூதியம். தினக்கூலி வருடங்களும் சேரும். எட்டு மணி நேர வேலை. மயானத்துக்கு ஒரு வேளைக்கு இரண்டு ஆட்கள். கையுறை, கதவு, எல்லாம்.

ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்களைப் பற்றி இரண்டாம் கட்டப் பேச்சுவார்த்தையில் பார்த்துக்கொள்வார்களாம்.

பட்டாசு மாதிரி கைதட்டல். "முக்கால்வாசி ஜெயிச்சுட்டோம்!" என்றார் செயலாளர். அக்கா அந்தக் கால்வாசியில் இருந்தாள். நானும் கைதட்டினேன். தட்டாமல் இருக்க முடியவில்லை — இதைக் கேட்டுத்தானே நானும் உட்கார்ந்தேன்?

மார்ச் 27, வியாழன்

திறந்தோம். வரிசை தெரு வரைக்கும். நெட்டையும் நானும் சேர்ந்தே நின்றோம், பேசவில்லை. மத்தியானம் அவன் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து என் பக்கம் நகர்த்தி வைத்தான். "அன்னிக்கு நான் கையைத் தூக்கியிருக்கணும்டா" என்றான். பருப்பில் உப்பு கம்மி என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

அக்கா மகள் வீட்டைக் காலி செய்துவிட்டு, வேலை பார்க்கும் ஊருக்கே போய்விட்டாள். சாமான் ஏற்ற மனைவி போனாள். நான் வரக் கூடாது என்று சொல்லிவிட்டாளாம்.

"அம்மா கடைசி ரெண்டு நாளும் மாமாவைப் பத்தி ஏதாவது சொன்னாங்களான்னு கேட்டேன்" என்றாள் மனைவி.

"என்ன சொன்னா?"

"'அவனே வரட்டும்'னு சொல்லிட்டிருந்தாங்களாம்."

ஏப்ரல் 21, திங்கள்

இன்றிலிருந்து புது வேலை நேரம். ஆறிலிருந்து இரண்டு வரை. கூட ஒரு ஆள். புதுக் கதவு சத்தமே இல்லாமல் ஏறி இறங்குகிறது. புதுக் கையுறை முழங்கை வரை வருகிறது. நாலு பேர். ஒரு சின்னக் காயம்கூட இல்லை.

இரண்டு மணிக்கு அடுத்த ஆட்கள் வந்து, "கிளம்புங்கண்ணே" என்றார்கள். வெளியே பட்டப்பகல். இந்த நேரத்தில் இந்தத் தெரு எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடம் விடவில்லை. கடைக்காரர் கல்லாவில் தலை வைத்துத் தூங்குகிறார்.

நடந்தேன். அக்கா வீட்டு வாசலில்தான் போய் நின்றிருக்கிறேன். கொடியில் யாருடைய துணிகளோ. ஒரு பெண் எட்டிப் பார்த்து, "யாரைப் பாக்கணும்?" என்றாள்.

"யாரையும் இல்லம்மா."

வீட்டுக்கு வந்தேன். "என்னங்க, இவ்வளவு சீக்கிரம்?" என்றாள் மனைவி.

"இனிமே தினமும் இப்படித்தான்."

முகம் கழுவினேன். நாற்காலியை ஜன்னல் பக்கம் போட்டு உட்கார்ந்தேன். மணி இன்னும் மூன்றுகூட ஆகவில்லை.