ஹேண்ட் பிரேக்கை இறக்கிய பிறகும்

ஜூன் 3, செவ்வாய்

பாப்பா இப்போதுதான் தூங்கினாள். காலையில் அவளைக் காப்பகத்தில் விடப் போகும்போது, மேம்பாலத்துக்கு முந்தைய வளைவில் ஹேண்ட் பிரேக் விளக்கு எரிந்தது. சிவப்பு வட்டம், நடுவில் ஆச்சரியக்குறி. ஹேண்ட் பிரேக் கீழேதான் இருந்தது. வளைவு தாண்டியதும் விளக்கு அணைந்துவிட்டது. ஓரமாக நிறுத்தி ஒருமுறை ஏற்றி இறக்கினேன். பின்னால் வந்த லாரிக்காரர் ஹார்னாலேயே என்னைத் திட்டினார்.

இவரிடம் சொன்னால், "நீ முழுசா இறக்கியிருக்க மாட்டே. பாப்பா பொறந்ததுலேர்ந்து உனக்கு எல்லாமே அரைகுறைதான்" என்று சிரிக்கிறார். முழுசாகத்தான் இறக்கினேன்.

இறக்கினேனா?

ஜூன் 5

இன்றும். திரும்பும்போது மட்டும் எரிகிறது. நேர்ச் சாலையில் நல்லபிள்ளையாக இருக்கிறது.

ஜூன் 6, வெள்ளி

காரோடு வந்த கையேட்டைப் படித்தேன். பரீட்சைக்குக்கூட இவ்வளவு கவனமாகப் படித்ததில்லை. ஹேண்ட் பிரேக் போட்டிருந்தாலும் இதே விளக்குதான், பிரேக் ஆயில் குறைந்தாலும் இதே விளக்குதானாம். ஆயில் குறைவாக இருந்தால் வண்டி திரும்பும்போது அது தன் டப்பாவுக்குள் ஒரு பக்கமாகச் சாயும், விளக்கு எரிந்து அணையும். அப்படியென்றால் என் கை சரியாகத்தான் இருக்கிறது!

கீழே ஓடிப் போய் பானெட்டைத் திறந்தேன். ஆயில் டப்பாவில் குறித்திருக்கும் மேல்கோடு வரை நிற்கிறது.

பிறகு எதற்கு எரிந்தது?

மாமா பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்னம்மா தேடறே அங்க?" இது அவர் ஓட்டிய கார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் எங்களுக்குக் கொடுத்தார். தன் பிள்ளையான இவரைக் குறை சொன்னால்கூடப் பொறுத்துக்கொள்வார், காரைச் சொல்லக் கூடாது. "சும்மாதான் மாமா" என்றேன்.

ஜூன் 12, வியாழன்

ஒரு வாரம் தொல்லையில்லை. இன்று மறுபடி. அலுவலகத்தில் நிறுத்திவிட்டுப் பார்த்தேன். ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே. சாயங்காலம் பாப்பாவை ஏற்றிக்கொண்டு மாட்டுவண்டி வேகத்தில் வீடு வந்தேன். இவர் ரயிலில் வந்து சேரவே நேரமாகிவிட்டது. நாளைக் காலை காட்டுகிறேன்.

ஜூன் 13

காட்டினேன். மேல்கோடு வரை ஆயில்!

இவர் கேலி செய்திருந்தால் தாங்கியிருப்பேன். தோளில் கைவைத்து, "ராத்திரியில ஒழுங்கா தூங்கறியாம்மா?" என்று கேட்டார். அந்தக் குரல். காய்ச்சல்காரியிடம் பேசுகிற குரல்.

சாயங்காலம் இவரும் மாமாவும் கூடத்தில் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள். நான் வந்ததும் மாமா டிவியின் சத்தத்தைக் கூட்டினார். இந்த வீட்டில் எனக்கு எதையும் நேரில் சொல்வதில்லை. பக்கத்து ஃப்ளாட்டில் திருட்டுப் போனதே காவல்காரர் வாயால்தான் எனக்குத் தெரிந்தது. கேட்டால், "நீ பயப்படுவேன்னுதான்." எல்லோரும் சேர்ந்து என்னைப் பயப்படாமல் பார்த்துக்கொள்கிறார்கள். நான் ராத்திரி முழுக்கக் கண்ணைத் திறந்துகொண்டு கிடக்கிறேன்.

ஜூன் 14

போய்ப் பார்த்தேன். எஞ்சின் முழுக்கத் தூசி. அந்த டப்பாவின் மூடி மட்டும் பளிச்சென்று இருக்கிறது. யாரோ துடைத்திருக்கிறார்கள். யாரோ ஊற்றுகிறார்கள். இவரா? எதற்கு? நான் பைத்தியம் என்று நிரூபிக்கவா? சீ, என்ன எழுதுகிறேன்.

ஆனால் கார் சாவி இவரிடமும் இருக்கிறது.

ஜூன் 17, செவ்வாய்

காலையில் கிளம்பும் முன்பே பானெட்டைத் திறந்தேன். கீழ்க்கோட்டுக்குக் கீழே. போனில் படம் எடுத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. பாப்பாவை வாடகைக் காரில் கூட்டிப் போனேன். எங்கள் கார் நாள் முழுக்க இருந்த இடத்திலேயே இருந்தது. சாயங்காலம் பார்த்தால் மேல்கோடு. அதையும் படம் எடுத்தேன்.

சாப்பிடும்போது இரண்டு படத்தையும் இவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"யார் ஊத்துனது?"

"சத்தியமா நான் இல்ல. எனக்கு அந்த டப்பா எங்க இருக்குன்னே தெரியாது" என்றார் இவர். அது உண்மைதான். வைப்பர் தண்ணீர் எங்கே ஊற்றுவது என்றே தெரியாதவர்.

மாமா தட்டைப் பார்த்தபடி சொன்னார். "நான்தாம்மா. காலையில வண்டி துடைக்கறப்ப கொறைஞ்சிருந்தா ஊத்திடுவேன். விளக்கு எரிஞ்சா நீ பயப்படுவே. பழைய வண்டி, கொஞ்சம் குடிக்கும்."

"குடிக்கறதுக்கு அது என்ன காபியா மாமா? ஊத்துனதெல்லாம் எங்க போச்சு?"

இவர் பாதியில் எழுந்து கை கழுவினார்.

மூன்று பேரும் டார்ச் எடுத்துக்கொண்டு கீழே போனோம். பின்பக்க இடது சக்கரத்தின் உட்புறம் முழுக்க ஈரம். பிசுபிசுவென்று டயர் வரை வழிந்திருந்தது. அதற்கு நேர் மேலேதான் பாப்பாவின் சீட்.

லிஃப்டில் இவர் மெதுவாகச் சொன்னார். "அன்னிக்கு நாங்க உன்னைப் பத்திதான் பேசிட்டிருந்தோம். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போலாமான்னு."

என்னை. டாக்டரிடம். எல்லாம் தெரிந்த மாமா அப்போதும் வாயைத் திறக்கவில்லை. நான் சொன்னேன், சொன்னேன், சொல்லிக்கிட்டே இருந்தேன்ல! ஒருத்தராவது கேட்டீங்களா?

ஜூன் 18

காரை ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டேன். பட்டறையிலிருந்து வந்து கட்டி இழுத்துப் போனார்கள். சக்கரத்துக்குள் பிரேக்கைத் தள்ளும் பாகம் கசிகிறதாம். மாற்ற வேண்டும். மெக்கானிக் ஒன்றே ஒன்று கேட்டார்: "இவ்ளோ கசிஞ்சா முன்னாடி விளக்கு எரிஞ்சிருக்குமே சார், யாரும் பாக்கலயா?"

இவர் மாமாவைப் பார்த்தார். மாமா கூரையைப் பார்த்தார்.

ஜூன் 21

கார் வந்துவிட்டது. மாமாவோடு இன்னும் பேசவில்லை. அவரும் துடைக்கப் போகவில்லை.

ஜூலை 2, புதன்

காப்பகத்துக்கு இன்று விடுமுறை, பாப்பா மாமாவோடு வீட்டில். அலுவலகத்தில் கூட்டத்தின் நடுவே மாமாவின் போன். இதுவரை அவர் எனக்கு அலுவலகத்துக்குக் கூப்பிட்டதில்லை.

"அம்மா, பாப்பா கட்டில்லேர்ந்து விழுந்துட்டா. நான் தண்ணி எடுக்கப் போயிருந்தேன், என் தப்புதான். நெத்தி வீங்கியிருக்கு. அழுதா, இப்ப விளையாடறா. நீ வர்றதுக்குள்ள வீக்கம் வடிஞ்சிடும். ஆனாலும் சொல்லிடலாம்னு…"

வாந்தி எடுத்தாளா, எந்தப் பக்கம் விழுந்தாள் என்று கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்றார். உடனே கிளம்பி வந்து, மாமாவோடு பாப்பாவை டாக்டரிடம் காட்டினேன். ஒன்றுமில்லை. நெற்றியில் ஒரு நெல்லிக்காய் அளவு வீக்கம்.

இரவு மாமாவுக்கு நானே தோசை ஊற்றினேன். "இன்னொண்ணு வைக்கட்டுமா மாமா?" என்று கேட்டேன். "வை" என்றார்.

பயந்துதான் போனேன் இன்று. ஆனால் தூக்கம் வருகிறது. விளக்கை அணைக்கிறேன்.