படித்துக்காட்ட ஆள் வேண்டாம்

பேகம்பூர், திண்டுக்கல்
1984

என் கடைக்குட்டிக்கு சலாம்.

இது என் சொந்தக் கையெழுத்து! முதியோர் பள்ளியில் கற்றேன். இந்த இரண்டு வரிக்கே வெயில் இறங்கிவிட்டது.

இதுவரை உன் கடிதத்தைப் படித்துக்காட்டி, பதில் எழுதித் தந்தவன் தோல் மண்டி ரஃபீக். உன் மனநோயை அவனிடம் எப்படிச் சொல்வேன்?

"வேற என்ன மாமு எழுத?" என்பான்.

"எல்லாரும் சுகம்னு போடுப்பா" என்பேன்.

பதினெட்டு வயதானதும் குழந்தைகள் மனநோய் டாக்டர் உன்னைப் பெரியவர்கள் பிரிவுக்கு மாற்றிவிட்டாராம். நீ அங்கே போகவே இல்லையாம். மதுரையில் உன்னோடு இருக்கும் உன் அக்கா இங்கே வந்தபோது சொன்னாள். "புது ஆளுட்ட எல்லாத்தையும் மொதல்லருந்து எப்படிச் சொல்லுவேன்?" என்று அழுதாயாமே.

முதலில் எனக்கு எழுதிப் பழகு, தாயி. காதில் கேட்கும் குரலைப் பற்றியும் எழுது. பிறகு டாக்டரிடம் சொல்ல வாய் வரும்.

உன் கடிதத்தை இனி நானே படிப்பேன். மெதுவாகத்தான் படிப்பேன், ஒரு வரியையும் விடமாட்டேன்.

உன் அத்தா