சீட்டில் நான் எழுதிய பெயர்

அன்புள்ள எழிலுக்கு,

அம்மா எழுதுகிறேன். எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, ஆவடியில் மழை விட்டு விட்டுப் பெய்கிறது, கீழே பார்க்கிங்கில் கணுக்கால் தண்ணீர். போன வாரம் இருமினாயே, நின்றதா? டப்ளினில் குளிர் ஏறும் முன்னால் அந்தப் பெரிய கம்பளிக் கோட்டு வாங்கிக்கொள், தள்ளிப்போடாதே. போனில் சொல்ல நாலு தடவை வாயெடுத்தேன், வரவில்லை, அதனால்தான் தாளில் எழுதுகிறேன்.

நம் குடியிருப்புச் சங்க அறையில் சனிக்கிழமை சாயங்காலம் லாவண்யா நடத்தும் வாசிப்பு வட்டத்தில் நான் சேர்ந்தது உனக்குத் தெரியும். பழைய இங்கிலீஷ் துப்பறியும் நாவல்களைத் தமிழில் படிக்கிறோம். கடைசி அத்தியாயத்துக்கு லாவண்யா கிளிப் போட்டுவிடுவாள், யார் குற்றவாளி, ஏன் என்று எல்லோரும் சீட்டில் எழுதிப் போட்ட பிறகுதான் அதைத் திறப்பாள். வெள்ளைக்காரப் பெயர்கள் எங்களுக்குக் குழம்பிவிடும், எட்வர்ட் யார் எட்வின் யார் என்று எனக்கும் ஜமீலாவுக்கும் சண்டையே வரும். தொழிற்சாலையில் ரிட்டயர் ஆன கலியமூர்த்தி சார்தான் ‘இன்னாத்துக்கு இந்தத் தொல்லை, நம்ம பிளாக் ஆளுங்க பேரையே வெச்சிக்கலாம், நான்தான் ஜமீன்தாரு’ என்றார். சிரித்துக்கொண்டே வைத்தோம். நாவலில் வரும் மருமகனுக்கு பி பிளாக் டில்லிபாபு பெயர். வேலைக்காரிக்கு மட்டும் யாரும் யோசிக்கவே இல்லை, எல்லோர் வாயிலிருந்தும் ஒன்றாக முனியம்மா என்று வந்தது. என் வாயும் அதில் ஒன்று.

சபையில் பேசக் கூச்சம், அதனால் நான் சீட்டில்தான் நீளமாக எழுதுவேன். ‘நகையை எடுத்தது முனியம்மாதான். பீரோ சாவி இருக்கும் இடம் அவளுக்குத்தான் தெரியும். யாரும் கேட்பதற்கு முன்பே அழுதாள்’ என்று எழுதினேன். அந்தச் சீட்டு டப்பாவில் விழாமல் மேசைக்கடியில் விழுந்திருக்கிறது. அதே வாரம்தான் மூன்றாவது மாடி நிஷாவின் வளையல் காணாமல் போயிருந்தது, நம் முனியம்மா அங்கும் வேலை செய்கிறாள். ஞாயிறு காலை சங்கச் செயலாளர் கங்காதரன் சீட்டைப் பார்த்து, படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். சங்க நோட்டீஸ் எல்லாம் எழுதுவது நான்தானே, கையெழுத்து எல்லோருக்கும் தெரியும். ‘யுவராணி மேடம் சும்மா எழுதற ஆள் இல்ல’ என்று அதற்குக் கீழே யாரோ போட்டிருந்தார்கள்.

நான் பார்த்தேன் எழில், பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். இது கதை என்று டைப் செய்தேன், எண்பது வீடும் படிக்குமே என்று அழித்தேன், வேறு மாதிரி எழுதினேன், அதையும் அழித்தேன். அதற்குள் கேட்டில் முனியம்மாவை நிறுத்தி அவள் கட்டைப்பையைக் கவிழ்த்துவிட்டார்கள். நாலு இட்லியும் ஒரு மாற்றுப் புடவையும் விழுந்தன. அவள் நிமிர்ந்து நம் பால்கனியைப் பார்த்தாள். நான் காயும் துணிக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

மறுநாள் லாவண்யாவும் நானும் புத்தகத்தோடு நிஷா வீட்டுக்குப் போனோம். ‘பாவம் பாத்து மறைக்கிறீங்க ஆன்ட்டி, இங்கிலீஷ் கதைன்றீங்க, அதுல எங்கேர்ந்து முனியம்மா வந்தா?’ என்றாள் நிஷா. என்ன சொல்லியும் எடுபடவில்லை. புத்தகத்தில் எடுத்தது மருமகன், அதாவது எங்கள் டில்லிபாபு, என்று வாசித்தே காட்டினேன். பி பிளாக் டில்லிபாபுவை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முனியம்மா வேலை செய்த ஆறு வீட்டில் ஐந்து வீடு அவளை நிறுத்திவிட்டது. மிச்சம் நம் வீடுதான், இங்கேயும் அவள் வருவதில்லை.

நேற்று கோவில்பதாகையில் அவள் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ‘இன்னாம்மா, கதைலயும் நான் பாத்திரந்தான் தேச்சிகினு கீறனா?’ என்று கேட்டாள். பிறகு, ‘நான் எடுக்கலன்னு வாயால சொன்னேன், ஒருத்தரும் நம்பல. நீ பட்ச்சவ, எய்தினே, நம்பிட்டாங்க’ என்றாள். நம் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். தபாலில் படித்துப் பரீட்சைக்குப் போன நாளெல்லாம் உன்னை இடுப்பில் வைத்திருந்தவள் அவள். என் எழுத்துக்கு ஒரு மதிப்பு வர வேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டேன், வந்துவிட்டது.

வளையல் இன்னும் கிடைக்கவில்லை. கிடைத்தாலும் அவள்தான் பயந்து திருப்பி வைத்தாள் என்பார்கள். இதைச் சரிசெய்ய எனக்கு வழி தெரியவில்லை, அப்பாவுக்கும் தெரியவில்லை.

கிளம்பும்போது முனியம்மா என் கையைப் பிடித்து ஒன்றே ஒன்று கேட்டாள். ‘பாப்பாகிட்ட மட்டும் சொல்லாதம்மா. அது என்னிய நம்பும், தெரியும். ஆனா கேட்டவொடனே ஒரு நிமிசம் யோசிக்கும் பாரு, அந்த ஒரு நிமிசம் எனுக்கு வாணாம்.’ சரி என்று சொல்லிவிட்டு வந்து இதை உனக்கு எழுதுகிறேன். என்னால் தனியாக வைத்துக்கொள்ள முடியவில்லை, மன்னித்துக்கொள்.

நீ நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இரு, உன் வாழ்க்கையில் ஒரு குறையும் வராது கண்ணே. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் முனியம்மாவுக்குப் போன் செய். நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை, உன்னுடையதை எடுப்பாள். எதுவும் கேட்காதே. ‘நல்லாக் கீறேன் பாப்பா’ என்பாள், நீ உடனே பேசிவிடு. அங்கிருந்து உன் குரல் இங்கே வர ஒரு நொடி தாமதமாகிறதே, அதற்கு என்ன செய்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

உன் அம்மா,
யுவராணி