ஐந்தாம் நம்பர் பூட்ஸ்

அக்கா,

இன்று காலை கொட்டகைக்குப் புது ரப்பர் மேட் வந்து இறங்கியது. கோத்தகிரியிலிருந்து ஜீப்பில் கொண்டுவந்தவர் சுருளைப் பிரித்து உதறியதும் வாசல் முழுக்க அந்த வாடை பரவிவிட்டது. பழைய மேட் கிழிந்துபோய் மாடுகளின் குளம்பு தடுக்குகிறது, மாற்றத்தான் வேண்டும் என்று நானே சொல்லி வரவழைத்ததுதான். ஆனாலும் அந்த வாடை மூக்கில் ஏறியவுடன் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். கையெழுத்து வாங்க வந்த ஜீப்காரர் குளிர் என்று நினைத்திருப்பார்.

கதவுக்குப் பக்கத்தில் உங்களுக்காக வாங்கிய பூட்ஸ் இன்னும் இருக்கிறது. ஐந்தாம் நம்பர். அடியில் ஒட்டிய சீட்டுகூட உரியவில்லை. நீங்கள் போய் நான்கு மாதமாகிறது. அதை எடுத்து யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று கை போகும், பிறகு கைவிடுவேன்.

கோயம்புத்தூர் வேலையை விட்டு வந்து, அப்பாவின் ஒன்றரை ஏக்கர் சரிவில் ஆறு ஜெர்சி மாடுகளைக் கட்டியபோது, என்னோடு சேர்ந்துகொண்ட ஒரே ஆள் நீங்கள்தான். ரோட்டின் கீழ் வளைவில் வீடு, டீ ஃபாக்டரியில் தூள் சலிக்கும் வேலையை விட்டிருந்தீர்கள், மாடு தெரியும். எனக்கு மாட்டைப் பற்றிப் படித்தது மட்டும் தெரியும். மாடு படுத்து அசைபோடும் நேரம் கூடினால் பால் கூடும், தரை மெத்தென்று இருந்தால் கால் வீங்காது என்றெல்லாம் வாசித்துவிட்டு உங்களிடம் வந்து ஒப்பிப்பேன். நீங்கள் சாணியை வழித்துக்கொண்டே கேட்பீர்கள்.

முதல் நாளே நமக்குள் வழக்கு வந்தது. நீங்கள் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலோடு உள்ளே போனீர்கள். நான் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தேன்.

"ஏன் அம்மிணி, சோறு போடற எடத்துக்குள்ள இப்பிடியா வருவே?"

"சாணியில நின்னா சேத்துப்புண் வருமுக்கா."

"எனக்கு வந்தா நான் பாத்துக்கறேன். நீ உன்ற பூட்ஸோட நில்லு, போலீஸ்காரி மாதிரி."

அதற்குப் பிறகு வாரம் ஒருமுறையாவது எனக்கு சல்யூட் வைப்பீர்கள்.

கறவை மெஷினுக்கு மாடுகள் பத்து நாளில் பழகின. மோட்டார் ஓடியதும் தாமாகவே நடந்து வந்து, இரும்புக் கம்பிகளுக்கு நடுவே இரண்டிரண்டாக நிற்கும். மடியில் கப்புகளை மாட்டினால் கண்ணை மூடிக்கொள்ளும். முதலில் வருவது எப்போதும் ராணி. முதுகு சொறிய, மாடு உரசினால் சுழலும் பிரஷ் ஒன்றைத் தூணில் பொருத்தினேன். அன்று முழுக்க ராணி அதை விட்டு வரவில்லை. "எனக்கும் ஒண்ணு மாட்டிக் குடு, நானும் தூணோரமா நின்னுக்கறேன்" என்றீர்கள்.

அடுத்ததாக நான் செய்ததைத்தான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

மாடு தாகம் எடுத்தபோதெல்லாம் குடிக்க வேண்டும் என்று படித்து, மூக்கால் அழுத்தினால் தண்ணீர் வரும் கிண்ணங்களை வாங்கி வந்தேன். ஊற்றிலிருந்து வந்த பழைய இரும்புக் குழாய் துருவேறிச் செந்தண்ணீர் விட்டது. அதைச் சுவரோரமாக அறுத்துவிட்டுக் கறுப்பு ஹோஸ் போட்டோம். மறுமுனையை நீங்கள் பிடித்துக்கொண்டீர்கள், அறுத்தது நான். சுவரோரம் மிஞ்சிய ஒரு முழக் குழாயில் ஒரு கம்பி சுற்றியிருந்தது. பார்த்தேன். யாரோ துணி காயப்போடக் கட்டியது என்று நினைத்து அப்படியே விட்டேன்.

அது மெஷினின் எர்த் கம்பி. மோட்டார் மாட்டியவர் தனியாகக் குழி வெட்டாமல், மண்ணுக்குள் போகும் இரும்புக் குழாயே போதும் என்று அதில் கட்டிவிட்டுப் போயிருந்தார். நான் குழாயை அறுத்ததும், கசியும் மின்சாரம் மண்ணுக்குப் போக இருந்த ஒரே வழியும் அறுந்துவிட்டது.

ஐப்பசி மழை பிடித்தது. ராணி கறவை இடத்தின் வாசலில் நிற்க ஆரம்பித்தாள். தலையை நீட்டி முகர்ந்துவிட்டுப் பின்வாங்குவாள். உள்ளே வந்த மாடுகளோ கால் மாற்றி மாற்றி வைத்தன, கப்பை உதைத்துத் தள்ளின. பால் குறைந்தது. சிமெண்ட் தரை கடினமாக இருக்கிறது, குளம்பு வலிக்கிறது என்று முடிவு கட்டி ரப்பர் மேட் வாங்கி விரித்தேன். இரண்டே நாளில் மாடுகள் அடங்கின. எனக்கு எவ்வளவு பெருமை, நினைவிருக்கிறதா? நீங்கள் மட்டும் ரப்பர் மேட்டை விட்டு இறங்கும்போது காலைச் சட்டென்று தூக்கினீர்கள்.

"கால்ல எறும்பு ஊர்ற மாதிரி இருக்குது அம்மிணி."

"குளிருக்கா அது. இந்தத் தரையில வெறுங்கால்ல நின்னா மரத்துத்தான் போகும்."

"எனக்குக் குளிரு தெரியாதா? இந்தக் குளிர்லயே பொறந்தவ நானு."

உங்களைச் சமாதானப்படுத்த டெஸ்டரை எடுத்துக் மாடு நிற்கும் இரும்புக் கம்பியில் வைத்துக் காட்டினேன். விளக்கு எரியவில்லை. நான் நின்றது ரப்பர் மேல், போட்டிருந்ததும் ரப்பர்; என் வழியாக மண்ணுக்கு இறங்கினால்தானே அது எரியும். நீங்கள் என் பூட்ஸைப் பார்த்தீர்கள்.

அது நடந்த மத்தியானம் ரப்பர் மேட்டுகளைக் கழுவி வெளியே சாய்த்திருந்தோம். மழை சாரலாக உள்ளே அடித்தது. மூன்று மணிக் கறவைக்கு மோட்டாரைப் போட்டதும் ராணி வாசலில் நின்றுவிட்டாள். தோல் மேலெல்லாம் நடுக்கம் ஓடியது.

"அவ வேண்டாங்கறா. இன்னிக்குக் கையில கறந்துக்கலாம்."

"ஆறையும் கையில கறந்தா பால் வண்டி போயிரும்க்கா."

"போனாப் போவுது."

"நீங்கதான் அவளுக்குச் செல்லம் குடுத்துக் கெடுக்கறீங்க" என்று சொல்லிவிட்டு, நான் ராணியின் பின்புறத்தில் தோளைக் கொடுத்துத் தள்ளினேன். அவள் முன்னங்கால் இரண்டையும் உள்ளே வைத்தாள். கழுத்து இரும்புக் கம்பியில் பட்டது. ஒரு சத்தமும் போடாமல் முழங்காலில் விழுந்தாள்.

நீங்கள் ஓடினீர்கள். வெறுங்கால், ஈரத் தரை, நீட்டிய கை. மெயின் சுவிட்ச் என் முதுகுக்குப் பின்னால் எட்டு காலடி தூரத்தில் இருந்தது. உங்களைப் பிடிப்பதா, அங்கே போவதா? சுவிட்சை நோக்கி ஓடினேன். அந்த எட்டு காலடியையும் நான் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறேன். முதுகைக் காட்டிக்கொண்டு ஓடுவதால், பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியாது. அதுதான் அதில் கொடுமை.

மோட்டார் நின்று திரும்பியபோது நீங்கள் சுவரோரம் உட்கார்ந்திருந்தீர்கள். கரண்ட் தூக்கி எறிந்திருந்தது. உள்ளங்கையை விரித்து, அது வேறு யாருடைய கையோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ராணி மெதுவாக எழுந்து பின்னோக்கியே நகர்ந்து வெளியே போனாள். "அவளுக்கு ஒண்ணுமில்லயே?" என்றுதான் முதலில் கேட்டீர்கள்.

மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்து சுவரைச் சுற்றிப் பார்த்தார். ஒரு முழக் குழாயில் தொங்கிய கம்பியைத் தூக்கிப் பிடித்தார். "ஏனுங்க, மோட்டார்ல ஈரம் எறங்கி கரண்டு மண்ணுக்குப் போக வழியில்லாம மாடு நிக்கற இரும்புக் கம்பி முழுக்க நின்னிருக்குதுங்க. இந்தப் பைப்பை யாருங்க அறுத்தது?"

நான் தரையைப் பார்த்தேன்.

"நாந்தானுங்க" என்றீர்கள் நீங்கள். "துரு புடிச்சுக் கெடந்துச்சு. அம்மிணிக்குத் தெரியாது."

அவர் உங்களைத் திட்டினார். படிக்காதவங்க கையில மெஷினைக் குடுத்தா இப்படித்தான் என்று என்னிடம் சொன்னார். நான் அதையும் கேட்டுக்கொண்டு நின்றேன். அவர் போன பிறகு, "ஏங்க்கா அப்படிச் சொன்னீங்க?" என்றேன். "உன்னயத் திட்டினா நீ மெஷினைக் கழட்டிட்டுக் கோயம்புத்தூரு போயிருவே. அப்புறம் எனக்கு யாரு சம்பளம் தருவா?" என்று சிரித்தீர்கள். சிரித்து முடித்த பிறகு, "இனி மாடு நின்னா நீயும் நில்லு" என்றீர்கள்.

எர்த்துக்குத் தனிக் குழி வெட்டினோம். கரண்ட் லீக்கானால் தானாக விழும் டிரிப்பர் மாட்டினோம். அந்த வாரம்தான் ஐந்தாம் நம்பர் பூட்ஸ் வாங்கி வந்தேன். நீங்கள் அதை வாசலிலேயே வைத்தீர்கள்.

"நானும் இதைப் போட்டுக்கிட்டா அப்புறம் யாருக்குத் தெரியும்?"

தினமும் காலையில் மாடுகளுக்கு முன்னால் நீங்கள் போய்த் தரையில் பாதத்தை அழுத்தி, எறும்பு ஊர்கிறதா என்று பார்த்து நிற்பீர்கள். பிறகு திரும்பிப் பார்த்துத் தலையசைப்பீர்கள். அது எவ்வளவு பெரிய தவறு என்று எலக்ட்ரீஷியன் சொன்னார், எனக்கும் தெரியும். ஆனாலும் அக்கா, உங்கள் தலையசைப்புக்காக நான் வாசலில் காத்திருந்தேன். பூட்ஸோடு.

எட்டு மாதம் கழித்து, ஆனியில் ஒரு காலை, உங்கள் வீட்டு வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நீங்கள் எழவில்லை. அன்றைய ஷாக்குக்கும் இதற்கும் தொடர்பு இருக்குமா என்று குன்னூரில் டாக்டரிடம் கேட்டேன். இல்லை என்றார். வெளியே வந்து, மறுபடி உள்ளே போய்க் கேட்டேன். இல்லை என்றுதான் சொன்னார். எனக்கு இரவில் கேட்பது அவருடைய பதில் இல்லை, உங்கள் "நாந்தானுங்க".

இன்று பழைய மேட்டை எடுத்ததும் வெறும் சிமெண்ட் தெரிந்தது. மழை பெய்துகொண்டிருந்தது. டிரிப்பரின் பட்டனை அழுத்திப் பார்த்தேன், டக்கென்று விழுந்தது. திரும்ப ஏற்றி மோட்டாரைப் போட்டேன். ராணி வாசல்வரை வந்தாள். நின்றாள். புது ரப்பரின் வாடை அவளுக்கும் பிடிக்காமல் இருக்கலாம். வேறு காரணமும் இருக்கலாம். நானும் அவள் பக்கத்தில் நின்றேன். கீழ் வளைவில் பால் வண்டி ஹாரன் அடித்தது. அது போகும்வரை இரண்டு பேரும் அசையவில்லை.

பிறகு பூட்ஸைக் கழற்றி, உங்களுடையதுக்குப் பக்கத்தில் வைத்தேன். செய்யக்கூடாது என்று தெரிந்தே, வலது பாதத்தைத் தரையில் வைத்து அழுத்தினேன். ஏதோ ஊர்ந்தது. குளிர்தான். அனேகமாகக் குளிர்தான். அது குளிர் என்று நிச்சயமாகத் தெரிய எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று மட்டும் நான் உங்களிடம் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை, அக்கா.